அர்த்தமில்லாத பொன்மொழிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாதிரிப் பேச்சைச் சொல்கிறீர்கள்?

கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும். "அப்படின்னா என்ன?" என்று திருப்பிக் கேட்டால் சொன்னவருக்கே பதில் வராது. அந்த மாதிரி வாக்கியங்களைத்தான் சொல்கிறேன். "வயது வெறும் எண்தான்." "எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான் நடக்கிறது." "உன்னைக் கொல்லாதது உன்னை வலுவாக்கும்." "தோல்வி என்று ஒன்று கிடையாது, பாடம் மட்டும்தான் உண்டு." "பிரச்சினையோடு வராதே, தீர்வோடு வா."

சொல்பவர்கள் பெரும்பாலும் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். அதனால் எதிர்த்துப் பேசவும் வாய் வராது. எரிச்சல் உள்ளுக்குள்ளேயே தங்கிவிடும்.

ஒரு வரிதானே, கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே?

சும்மா பேசிக்கொண்டிருக்கும்போது என்றால் போகலாம். ஆனால் இந்த வரிகள் பெரும்பாலும் வந்து விழுவது, ஒருவர் எதையோ சொல்ல வாயெடுக்கும் நேரத்தில். உடம்பு சரியில்லை என்கிறார், வேலையில் ஒரு தவறு நடக்கப்போகிறது என்கிறார், வீட்டில் நிம்மதி இல்லை என்கிறார். பதிலுக்கு ஒரு பொன்மொழி வருகிறது. பேச்சு அதோடு முடிந்துபோகிறது.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், சீனாவில் 'சிந்தனைச் சீர்திருத்தம்' என்ற பெயரில் மூளைச்சலவைக்கு ஆளானவர்களைப் பேட்டி கண்டு 1961 இல் ஒரு நூல் எழுதினார். 'சிந்தனையை முடித்துவைக்கும் வாசகம்' என்று அவர் பேர் வைத்தது இந்த வகை வரிகளுக்குத்தான். எவ்வளவு சிக்கலான விஷயமாக இருந்தாலும் மனப்பாடமான ஒரு சின்ன வரிக்குள் அடக்கி, அங்கேயே ஆராய்ச்சியை நிறுத்திவிடுவது. அவர் பார்த்தது கொடுமையான சூழல். வீட்டிலும் அலுவலகத்திலும் அவ்வளவு கொடுமை இல்லை என்றாலும், வரி செய்யும் வேலை அதேதான்.

அப்படியானால் பழமொழிகள் எல்லாமே வேண்டாமா?

அப்படிச் சொல்லவே இல்லை. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதில் தெளிவான ஒரு யோசனை இருக்கிறது. எப்போது பொருந்தும் என்பது தெரியும், கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெரியும். முதலில் விசாரி, அப்புறம் இறங்கு.

பழமொழிகள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதும் குறை அல்ல. "தன் கையே தனக்கு உதவி" என்கிறோம், "ஒரு கை தட்டினால் ஓசை வராது" என்றும் சொல்கிறோம். "கூடி வாழ்ந்தால் கோடி நன்மை", "கிட்ட இருந்தால் முட்டப் பகை" இரண்டும் நம்முடையவைதான். இடம் பார்த்து எடுத்துக்கொள்வதற்குத்தான் இத்தனை வைத்திருக்கிறோம். எந்த இடம் என்று பார்க்காமலே ஒன்றை எடுத்து வீசும்போதுதான் சிக்கல்.

திருக்குறளையே பாருங்கள். ஊழைவிட வலியது வேறு எது என்று 380ஆம் குறள் கேட்கிறது. சோர்வில்லாமல் முயல்பவர் அந்த ஊழையே புறங்காண்பார் என்று 620ஆம் குறள் சொல்கிறது. முதலாவது 'ஊழ்' அதிகாரத்தின் கடைசிக் குறள், இரண்டாவது 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தின் கடைசிக் குறள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்பது குறள் நின்று அந்த இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதிகாரத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு குறளை உருவி, வேலை கிடைக்காமல் அலைகிறவர் முகத்துக்கு நேரே சொன்னால், அதற்கு வள்ளுவர் பொறுப்பாக முடியாது.

கேட்கும்போது ஆழமாகத்தானே தெரிகிறது? அது எப்படி?

முதல் காரணம் ஓசை. "வலியில்தான் வழி பிறக்கும்" என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் 'ஆமாம்' என்பார். "வேதனையில்தான் தீர்வு பிறக்கும்" என்று மாற்றுங்கள். கருத்து கிட்டத்தட்ட அதேதான், ஆனால் யாருக்கும் கைதட்டத் தோன்றாது, "அது எப்படிப் பிறக்கும்?" என்றுதான் கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் மேத்யூ மெக்ளோனும் அவருடைய சக ஆய்வாளரும் 2000 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அதிகம் பழக்கமில்லாத ஆங்கிலப் பழமொழிகளை, ஓசை ஒத்துவரும்படி ஒரு வடிவத்திலும் ஓசையைக் கெடுத்து இன்னொரு வடிவத்திலும் கொடுத்தார்கள். ஓசை ஒத்த வடிவம்தான் உண்மைக்கு நெருக்கமானது என்று மக்கள் கருதினார்கள். ஆனால் "ஓசையைத் தனியாக வை, கருத்தை மட்டும் பார்" என்று முன்கூட்டியே எச்சரித்தபோது அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. இது எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் விஷயம். எதுகையிலும் மோனையிலும் ஊறி வளர்ந்த நம் காதுக்கு இந்த எச்சரிக்கை கொஞ்சம் கூடுதலாகவே தேவை.

இரண்டாவது, திரும்பத் திரும்பக் கேட்பது. 1977 இல் லின் ஹாஷர், டேவிட் கோல்ட்ஸ்டீன், தாமஸ் டோப்பினோ மூவரும் கல்லூரி மாணவர்களிடம் சில தகவல்களை இரண்டு வார இடைவெளி விட்டு மூன்று முறை கொடுத்தார்கள். திரும்ப வந்த தகவல்களை மாணவர்கள் முன்பைவிட அதிகம் நம்பினார்கள், அது உண்மையா பொய்யா என்பது வேறு விஷயம். பழகிய வரி மனதில் தங்குதடையில்லாமல் ஓடுகிறது, அந்தச் சரளத்தையே உண்மை என்று எடுத்துக்கொள்கிறோம்.

மூன்றாவது, தெளிவின்மையே ஆழம் போலத் தெரிவது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் கார்டன் பென்னிகுக் குழுவினர் 2015 இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பிரபஞ்சம், உணர்வுநிலை, மறைபொருள் என்பது போன்ற கனமான சொற்களைக் கணினி ஏனோதானோவென்று கோத்துக் கொடுக்கும். இலக்கணம் சரியாக இருக்கும், அர்த்தம் என்று யாரும் எதையும் வைக்கவில்லை. அவற்றுக்கும் பலர் 'ஓரளவு ஆழமானது' என்றோ அதற்கு மேலோ மதிப்பெண் போட்டார்கள். யாரும் வைக்காத பொருளை வாசகரே தேடிப் பிடித்து நிரப்பியிருக்கிறார்.

"வயது வெறும் எண்தான்" என்பதில் என்ன தப்பு? தெம்பு தருகிறதே?

அதற்குள் இரண்டு வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வயதை எண்ணால் குறிக்கிறோம் என்பது. அது உண்மை, சொல்லவே தேவையில்லாத உண்மை. மற்றொன்று, வயதானால் உடம்பிலும் வாழ்க்கையிலும் எதுவும் மாறாது என்பது. அது உண்மையாக இருந்தால் உலகமே மாறிவிடும், ஆனால் அது பொய். முதலாவதன் உண்மையைக் காட்டி இரண்டாவதை நம்ப வைக்கிறது இந்த வரி. அமெரிக்க தத்துவவாதி டேனியல் டென்னட் இந்த வகைக்கு 'டீபிட்டி' என்று ஒரு பெயரையே பரப்பினார்.

வயது கூடும்போது சிறுநீரகம் வடிகட்டும் வேகம் பொதுவாகக் குறைகிறது. அதனால்தான் வயதானவர்களுக்குச் சில மருந்துகளின் அளவை மருத்துவர் குறைத்து எழுதுகிறார். எழுபது வயதுக்காரர் புதிதாக ஒரு மொழி கற்க ஆசைப்பட்டால், "தாராளமா ஆரம்பிங்க, இந்த வயசுலயும் கத்துக்கலாம்" என்று சொல்லலாம். அது உண்மை, தெம்பும் தருகிறது. எண் கதை எதற்கு?

"உன்னைக் கொல்லாதது உன்னை வலுவாக்கும்" என்பதாவது உண்மைதானே?

இந்த வரிமேல்தான் எனக்கு வருத்தம் அதிகம். ஒருவர் பட்ட கஷ்டத்தை அவருக்கே கிடைத்த லாபமாகக் கணக்கு எழுதிவிடுகிறது.

உடம்பிலிருந்தே தொடங்கலாம். டெங்குவை உண்டாக்கும் வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து குணமான பிறகு வேறொரு வகை தொற்றினால், இரண்டாவது முறை நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். ருமாட்டிக் காய்ச்சல் தொண்டைப் புண்ணில் தொடங்கி இதய வால்வுகளைப் பழுதாக்குகிறது. மறுபடி மறுபடி வந்தால் பழுதும் கூடுகிறது. அதனால்தான் ஒருமுறை வந்தவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பெனிசிலின் ஊசி போடுகிறார்கள். இரண்டுமே ஆளைக் கொல்லாமல் விட்டுப்போகலாம். வலுவாக்கிவிட்டுப் போவதில்லை. உடற்பயிற்சியில் தசை வலுவாகிறதே என்றால், அங்கே சுமைக்கு அளவு உண்டு, நடுவில் ஓய்வு உண்டு, சாப்பாடு உண்டு. அந்த மூன்றும் இல்லாவிட்டால் தசை வலுவாவதற்குப் பதில் பழுதாகலாம். மனசுக்கும் இதையே சொல்வேன். அடிபட்டுப் பிறகு தேறி வந்தவர்களைக் கேட்டால், அநேகமாக யாராவது கூட நின்றிருப்பார்கள், கொஞ்சம் அவகாசம் கிடைத்திருக்கும். அடியா அவர்களைத் தேற்றியது?

இந்த வரி ஜெர்மன் தத்துவஞானி நீட்சே 1888 இல் எழுதியது. அவர் எழுதியது "என்னைக் கொல்லாதது என்னை வலுவாக்குகிறது" என்று. வாழ்நாளெல்லாம் தலைவலியோடும் பார்வைக் கோளாறோடும் போராடியவர், தனக்குத்தானே சொல்லிக்கொண்ட வரி. 1889 ஜனவரியில் இத்தாலியின் டூரின் நகரில் மனம் குலைந்து விழுந்தார், அதன்பிறகு மீளவே இல்லை. 1900 இல் இறக்கும்வரை தாயும் தங்கையும்தான் பார்த்துக்கொண்டார்கள். தனக்குச் சொல்லிக்கொண்டதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. 'என்னை' என்பதை 'உன்னை' என்று மாற்றி, படுக்கையில் இருப்பவரிடம் சொல்லும்போது அந்தத் துணிச்சல் போய்விடுகிறது.

ஐன்ஸ்டீன், காந்தி மாதிரிப் பெரியவர்கள் சொன்னது என்றால்?

முதலில் அவர்கள் சொன்னார்களா என்று பாருங்கள். "ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு வேறு பலனை எதிர்பார்ப்பதுதான் பைத்தியக்காரத்தனம்" என்பதை ஐன்ஸ்டீன் பெயரில் போடாத ஆளில்லை. அவர் இறந்தது 1955 இல். அவர் எழுத்தில் இந்த வரி கிடையாது, 1980களின் தொடக்கத்தில்தான் அச்சில் பரவலாகத் தலைகாட்டுகிறது. கருத்தும் நிற்கவில்லை. விடாமல் பயிற்சி செய்கிற ஒவ்வொருவரும் ஒரே செயலைத் திரும்பச் செய்து வேறு பலனைத்தான் எதிர்பார்க்கிறார்கள், அது கிடைக்கவும் செய்கிறது.

"நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்" என்பது பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் சொன்னதாகச் சுற்றுகிறது. அவருடைய மனப்போக்கை விளக்க எவலின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906 இல் எழுதிய வரி அது. வால்டேர் இறந்து அப்போது 128 ஆண்டு ஆகியிருந்தது. "உலகில் காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்பது காந்தியின் எழுத்தில் இந்த வடிவத்தில் இல்லை. நாம் மாறினால் உலகின் போக்கும் மாறும் என்ற கருத்தில் 1913 இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் அவர் எழுதியிருக்கிறார். மாற்றத்துக்காக ஊரைத் திரட்டி, சங்கம் அமைத்து, சிறைக்குப் போனவர் அவர். அவர் பெயரைச் சொல்லி "நீ மட்டும் மாறிக்கொள், மற்றதைக் கேட்காதே" என்று அடக்குவது அவருக்கே அநியாயம்.

நம் பக்கத்தில் "எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது" இருக்கிறது. 'கீதாசாரம்' என்ற தலைப்போடு எத்தனையோ சுவர்களில் தொங்குகிறது. பகவத் கீதையின் 700 சுலோகங்களில் இப்படி ஒன்று இல்லை. நடக்கப்போகும் போரைப் பார்த்து ஒருவன் கலங்கி உட்காருகிறான், அவனோடு பதினெட்டு அத்தியாயம் பேச வேண்டியிருக்கிறது. "எல்லாம் நன்றாகவே நடக்கும்" என்று ஒரு வரியில் அங்கே யாரும் முடித்துவிடவில்லை.

பெரிய பெயர் ஒட்டியிருந்தால் கேள்வி கேட்கத் தயக்கம் வருகிறது. பெயரை எடுத்துவிட்டு வரியை மட்டும் படித்துப் பாருங்கள்.

எண்களோடு வருபவை நம்பகமானவையா?

எண் இருந்தால் விஞ்ஞானம் போலத் தெரியும், அவ்வளவுதான். மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது பொய். உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் இருக்கும் மூளை, ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடம்பு இவ்வளவு செலவழிக்காது. 21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்பதும் அப்படித்தான். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்ற கணக்கு வந்தது, நடுவாக 66 நாள். 22ஆம் நாள் "என்னால முடியல" என்று விட்டுவிடுகிறவருக்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை.

பழமொழிக்கு 'உண்மையான அர்த்தம்' சொல்லி வருபவை?

"ஆயிரம் பேரைக் கொன்றவன்" இல்லை, "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்பதுபோல வருமே, அவை. கேட்க அழகாக இருக்கும், ஆதாரம் அநேகமாக இருக்காது. பீட்டர் பெர்சிவல் 1874 இலும் ஹெர்மன் ஜென்சன் 1897 இலும் வெளியிட்ட பழமொழித் தொகுப்புகள் இருக்கின்றன. பழைய வடிவம் என்று ஒருவர் சொன்னால், அங்கே போய்ப் பார்க்கலாம்.

அலுவலகத்தில் இவை பெரிதாகக் கெடுத்துவிடுமா?

1986 ஜனவரி 27 இரவு, அமெரிக்காவில் சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் மறுநாள் ஏவ வேண்டாம் என்றார்கள். கடும் குளிரில், இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் சரியாக இறுகாது என்பது அவர்கள் பயம். பொறியியல் பிரிவின் துணைத் தலைவரும் முதலில் அந்தப் பக்கம்தான் இருந்தார். அவரிடம் மேலதிகாரி ஒருவர் சொன்னது: "பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்." அவர் மாறினார். 28ஆம் தேதி கிளம்பிய விண்கலம் 73 நொடியில் சிதறியது, ஏழு பேரும் இறந்தார்கள். இந்த உரையாடல் விசாரணை ஆணையத்தின் முன் வெளிவந்தது.

அந்தத் தொப்பி வரிக்கு அர்த்தம் என்ன? எந்தத் தொப்பி போட்டாலும் ரப்பர் ரப்பர்தான், குளிர் குளிர்தான். விபத்துக்கு அந்த ஒரு வரி மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன், ஏவ வேண்டும் என்ற நெருக்கடி பல பக்கத்திலிருந்தும் இருந்தது. ஆனால் "உன் கணக்கு தப்பு" என்று சொல்ல முடியாத இடத்தில், கணக்கையே ஒதுக்கிவைக்க அந்த வரி உதவியது.

"பிரச்சினையோடு வராதே, தீர்வோடு வா" என்று சொல்லும் மேலாளர்கள் இதை யோசிக்க வேண்டும். கீழே வேலை செய்பவருக்கு விரிசல் கண்ணில் படும், அதைச் சரிசெய்யும் அதிகாரமோ பணமோ அவரிடம் இருக்காது. தீர்வு கையில் இல்லாதவர் வாயை மூடிக்கொள்வார். விரிசல் வளரும்.

துக்கத்தில் இருப்பவர்களிடம் என்ன சொல்வது?

கணவரை இழந்த ஒரு பெண் பேசத் தொடங்குகிறார்: "தண்ணி கேட்டாரு. நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள..." பக்கத்தில் இருப்பவர் குறுக்கே புகுந்து, "விடுங்கக்கா, நடக்கிறதெல்லாம் நன்மைக்குத்தான்" என்கிறார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். தண்ணீர் எடுத்து வந்தபோது என்ன பார்த்தார் என்பதை அன்றைக்கு யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

சொன்னவர் கெட்டவர் அல்ல. அந்தப் பேச்சைத் தாங்க முடியவில்லை, ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ஆனால் 'நன்மை' என்பது யாருக்கு? அந்த அம்மாவுக்கா? "தாங்க முடியாத சுமையைக் கடவுள் தரமாட்டார்" என்பதும் இதே மாதிரிதான். விவிலியத்தில் 1 கொரிந்தியர் 10:13 பேசுவது பாவத்துக்கு இழுக்கும் சோதனையைப் பற்றி. துக்கத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. தாங்க முடியவில்லை என்று அழுகிறவரிடம் இதைச் சொன்னால், அழுவதே குற்றம் என்று ஆகிவிடும்.

என்ன சொல்வது என்றால்: "சொல்லுங்கக்கா, அப்புறம் என்ன ஆச்சு?" அவ்வளவு போதும். அல்லது எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்காரலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. "இதுவும் கடந்து போகும்" என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டால், அந்த வரி அவருடையது. அதைத் திருத்த நமக்கு உரிமை இல்லை.

ஒரு வரியில் சரக்கு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நார்வே உளவியலாளர் கார்ல் ஹால்வர் டைகன் 1986 இல் மாணவர்களிடம் இதைச் செய்து பார்த்தார். பழமொழிகளையும், அவற்றின் பொருளை நேர் எதிராகத் திருப்பிய வடிவங்களையும் கொடுத்தார். திருப்பிய வடிவங்களையும் மாணவர்கள் ஏறக்குறைய அதே அளவு உண்மை என்று மதிப்பிட்டார்கள். "அமைதிதான் மிகப் பெரிய பதில்", "பதில் சொல்லாத அமைதி கோழைத்தனம்" இரண்டையும் அடுத்தடுத்து படித்து, இரண்டுக்கும் தலையாட்டத் தோன்றினால், வரியில் ஒன்றும் இல்லை, ஓசை மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம், "எப்போது இது பொருந்தாது?" என்று கேளுங்கள். "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பதற்குப் பதில் உண்டு: யாரோ மூழ்கிக்கொண்டிருந்தால் அளந்துகொண்டிருக்க முடியாது. "எல்லாம் ஒரு காரணத்துக்காகத்தான்" என்பதற்குப் பொருந்தாத நிகழ்ச்சி என்று ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒன்று, நம் முன்னால் இருக்கும் இந்த ஒன்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

முகத்துக்கு நேரே ஒருவர் இப்படிச் சொன்னால் சண்டை போடலாமா?

வேண்டாம். ஆதாரம் காட்டி மடக்கினால் அவர் முகம் சுருங்கும், பேச்சு உங்கள் விஷயத்திலிருந்து நழுவி அவருடைய வரிக்குப் போய்விடும். "சரிதான், ஆனா என் விஷயத்துல அது எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். கேலிக்குரல் இல்லாமல், பதில் வேண்டும் என்ற எண்ணத்தோடு கேட்க வேண்டும். பலபேர் அங்கே நின்று யோசிப்பார்கள், உருப்படியாக ஒன்று சொல்வார்கள். பெரியவர்கள் என்றால் "உங்களுக்கு அப்படி நடந்திருக்கா மாமா?" என்று கேட்கலாம். வரிக்குப் பின்னால் அவருடைய சொந்த அனுபவம் இருந்தால் வெளியே வரும், அது அந்த வரியைவிட எவ்வளவோ பயனுள்ளதாக இருக்கும்.

மேலதிகாரி என்றால் இந்த வழி எடுபடாது. எழுதிக் கொடுத்துவிடுங்கள்: என்ன பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள். தேதி போட மறக்காதீர்கள்.